பாய்ஸ் கம்பெனியின் பிள்ளைகள்

புகழ்பெற்ற நடிகர் ஒருவரின் தன்வரலாற்றை நாம் கையில் எடுப்பது பெரும்பாலும் ஒரே எதிர்பார்ப்போடுதான். ஏழையாகப் பிறந்தார், பசித்தார், அடிபட்டார், கடைசியில் ஜெயித்தார் என்று அது முடிய வேண்டும். தமிழ் நடிகர்களின் தன்வரலாறுகள் இந்த எதிர்பார்ப்பைக் குறையில்லாமல் நிறைவேற்றுகின்றன. ஆனால் டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை', 1970களின் தொடக்கத்தில் ஆனந்த விகடனில் தொடராக வந்த எம்.ஜி.ஆரின் 'நான் ஏன் பிறந்தேன்', சிவாஜி கணேசனின் 'எனது சுயசரிதை', விந்தன் கேட்டு எழுதிய எம்.ஆர். ராதாவின் நினைவுகள் ஆகிய நான்கையும் சேர்த்து வைத்துப் படித்தால் வேறொன்று புலப்படும். நான்கு பேரும் வளர்ந்தது ஒரே தொழிலுக்குள். பாய்ஸ் கம்பெனி என்ற அந்த நாடகத் தொழில், சிறுவர்களின் உழைப்பின் மேல் நின்றது. அந்த உழைப்புக்கு நம்மிடம் எஞ்சியிருக்கும் முதன்மையான சாட்சியங்கள் இந்தப் புத்தகங்கள். இவற்றைத் தனிமனித வெற்றிக் கதைகளாக மட்டும் படித்தால் பாதி வரலாறு கைநழுவிப் போகும்.

பாய்ஸ் கம்பெனிக்கு முன்னால் மேடையை ஆண்டது ஸ்பெஷல் நாடகம். தனித்தனியே பேசி அழைத்து வரப்படும் பெரிய நடிகர்கள், ஒத்திகை இல்லாமலே மேடையேறி, பாட்டிலும் பேச்சிலும் ஒருவரை ஒருவர் மடக்கப் பார்ப்பார்கள். நாடகம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று நினைத்த ஆசிரியர்களுக்குச் சொன்னதைச் சொன்னபடி செய்யும் நடிகர்கள் தேவைப்பட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, சண்முகம் உள்ளிட்ட டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தார்கள். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அவருடைய தந்தையும் நாடக நடிகர்தான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, ஜெகந்நாத அய்யரின் கம்பெனி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி என்று பலவும் இதே முறையில் ஊர் ஊராகச் சென்று கொட்டகை போட்டன. சிறுவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள், சீக்கிரம் மனப்பாடம் செய்வார்கள், குறைந்த சம்பளத்துக்குக் கிடைப்பார்கள். பெண்கள் இல்லாத அந்த மேடையில் ஸ்திரீபார்ட்டுக்கும் அவர்களே பொருந்தினார்கள். கலை நோக்கமும் கணக்கும் இங்கே ஒன்றாகக் கலந்திருந்தன.

அந்த வாழ்க்கையின் மையம் கம்பெனி வீடு. உண்பது, உறங்குவது, பாடம் படிப்பது எல்லாம் அங்கேதான். பகலில் வாத்தியார் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுப்பார். தவறினால் அடி விழும். இரவில் தொடங்கும் நாடகம் நள்ளிரவைத் தாண்டியும் நீளும். ஒலிபெருக்கி இல்லாத காலம் என்பதால் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாட வேண்டியது பிள்ளையின் தொண்டைதான். அந்தத் தொண்டையையே நம்பியிருந்தவனுக்குப் பெரிய ஆபத்து மகரக்கட்டு. வயது வந்து குரல் உடைந்ததும் நேற்றுவரை ராஜபார்ட் போட்ட பையன் சில்லறை வேஷத்துக்கு இறங்குவான், அல்லது கம்பெனியை விட்டே போவான். பள்ளிப் படிப்பும் இல்லாமல் வேறு கைத்தொழிலும் தெரியாமல் பதின்மூன்று, பதினான்கு வயதில் அவன் தெருவில் நிற்பான்.

பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தது பெரும்பாலும் வறுமை. எம்.ஜி.ஆர் சிறு குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தவர். கும்பகோணத்தில் தாயும் பிள்ளைகளும் பட்டினி கிடந்த பிறகே அண்ணனோடு கம்பெனிக்குப் போனார். சிவாஜி, தான் ஓர் அநாதை என்று பொய் சொல்லிச் சேர்ந்ததாகச் சொல்கிறார். சட்டம் இவர்களைக் கண்டுகொள்ளவில்லை. பெற்றோர் பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதை 1933இல் ஒரு சட்டம் தடுத்தது. ஆனால் நியாயமான கூலிக்கு மட்டும் செய்யப்படும், பிள்ளைக்குக் கேடில்லாத ஒப்பந்தங்களுக்கு அது விலக்கு அளித்தது. 1938இல் வந்த சட்டம் ரயில்வே, துறைமுகம், பீடி, தீப்பெட்டி போன்ற தொழில்களைப் பற்றிப் பேசியது. நாடகக் கொட்டகை அதில் இல்லை.

இந்தப் புத்தகங்களை இப்படிப் பிள்ளைகளின் உழைப்புக்குச் சாட்சியமாகப் படிப்பதற்கு மறுப்புகள் உண்டு. அடித்த வாத்தியாரை இவர்களே நன்றியோடுதானே நினைவுகூர்கிறார்கள் என்று கேட்கலாம். அந்த நன்றி உண்மையானது. சோறும் தமிழும் இசையும் தந்த இடத்தை அவர்கள் தாய்வீடாகவே கருதினார்கள். பட்டினியோடு ஒப்பிட்டால் கம்பெனி வீடு மேலான இடம்தான். ஆனால் நன்றி சொல்ல நம்மிடம் வந்து சேர்ந்தவர்கள் ஜெயித்தவர்கள் மட்டுமே. குரல் உடைந்து வெளியேறிய பையன் தன்வரலாறு எழுதவில்லை. முதுமையில் எழுதப்படும் நினைவுகள் மிகையாகலாமே என்பது இன்னொரு கேள்வி. தனி ஒருவரின் சொல்லை மட்டும் நம்பினால் அந்த ஐயம் நியாயம். ஆனால் வெவ்வேறு கம்பெனிகளில், வெவ்வேறு ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் அதே பசியையும் அதே அடியையும் சொல்லும்போது, அது தொழிலின் வழக்கமாகவே இருந்தது என்று கொள்ளலாம். கஷ்டம்தான் அவர்களைக் கலைஞர்களாக்கியது என்ற வாதமும் நிற்காது. அதே கஷ்டம் பட்ட மற்றவர்கள் கலைஞர்களாகவில்லையே.

எம்.ஜி.ஆர் தன் பிள்ளைப் பருவத்திலிருந்து எடுத்துக்கொண்ட பாடத்தை இங்கே நினைக்க வேண்டும். முதல்வராக 1982இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, தான் சிறுவயதில் அனுபவித்த பசியே அதற்குக் காரணம் என்றார். பசியைத் தாங்கி முன்னேறுங்கள் என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதோடு அவர் நிற்கவில்லை. பள்ளியில் சோறு போட்டார். இத்தகைய தன்வரலாறுகளை நாமும் அப்படித்தான் படிக்க வேண்டும். எழுதியவரைப் பாராட்டுவோம். அதோடு, அவர் பக்கத்தில் படுத்துறங்கிய மற்றப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் கேட்போம்.