பொக்காளி: விதையும் மதகும்

மட்டாஞ்சேரிக் கரையிலிருந்து காயலைக் கடந்தால் வைப்பின் தீவு. 1341-இன் பெரியாற்று வெள்ளம் முசிறியைத் தூர்த்துக் கொச்சி முகத்துவாரத்தைத் திறந்தது என்பர். அவ்வண்டலே இத்தீவாயிற்று என்பதும் வழக்கு. மிளகு வரலாறு எழுதுவோர் துறைமுகத்தோடு நின்றுவிடுகின்றனர். தீவின் உவர்ச்சேற்றில் விளையும் பொக்காளி நெல் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

கோடையில் சேற்றைச் சிறுமேடுகளாகக் குவிப்பர். தென்மேற்குப் பருவமழை அவற்றின் உப்பைக் கழுவியபின் முளைகட்டிய விதையைத் தூவுவர். அக்டோபர் வாக்கில் கதிரை மட்டும் கொய்து தாளை நீரிலேயே விடுவர். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அதே வயலில் இறால்: அழுகும் தாள் அதற்கு இரையாகும், அதன் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகும்.

பொக்காளியின் முதலாம் குரோமோசோமிலுள்ள ‘சால்டோல்’ பகுதியைப் பயிர்ப்பெருக்க அறிஞர் பிற நெல்வகைகளுக்குள் கொண்டுசென்றுள்ளனர். காலநிலைத் தகவமைப்பு என்றாலே மாதிரிகளில் இத்தகைய விதைதான் பெரும்பாலும் முன்நிற்கிறது. ஆனால் சால்டோல் துணைநிற்பது முதன்மையாக நாற்றுப்பருவத்தில். எஞ்சியது மழையின் காலமும் மதகின் காவலுமே.

2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தும் வயற்பரப்பு சுருங்கியே வருகிறது. இறாலில் ஆதாயம் மிகுதியாதலால், பருவம் முடிந்தும் உப்புநீரை வடிக்க மதகைத் திறப்பதில் பூசல். நீர் வடியும் நாளைக் கருதாத மாதிரி பொக்காளியின் விளைச்சலை மிகுத்தே கணிக்கும்.