ஒரு பெயருக்குள் பல இனங்கள்

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வஞ்சிரத்தையும் வவ்வாலையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியலாம். செல்சுவரில் சுண்ணாம்பைச் சேர்த்துப் பவளத்திட்டுகளைப் பிணைக்கும் சிவப்புப் பாசிகளை அவ்வாறு அறிய இயலாது. 1758-இல் லின்னேயஸ் இவற்றை விலங்குகளோடு சேர்த்தார். இவை தாவரங்களே என 1837-இல் பிலிப்பி நிறுவினார்.

1899–1900-இல் ஸ்டான்லி கார்டினர் மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் திரட்டியவற்றை நார்வே அறிஞர் ஃபோஸ்லி ஆராய்ந்து, 1903-இல் வெளியிட்டார். புறவடிவம், இனப்பெருக்கக் குழிகள், செல்களின் அமைப்பு ஆகியவையே அன்றைய சான்றுகள். ஆனால் அலைக்கும் ஒளிக்கும் ஏற்ப ஓரினமே வடிவம் மாறும். வேறுபட்ட இனங்கள் ஒன்றுபோலவும் தோன்றும்.

1897-இல் ஹைட்ரிச் நியூகினி மாதிரி ஒன்றை விவரித்தார். இன்று 'போரோலித்தான் ஆன்கோடஸ்' எனப்படும் அதன் பெயர், வெப்பக்கடல்களின் பாசிகள் பலவற்றுக்கும் வழங்கலாயிற்று. அம்மூல மாதிரியின் டி.என்.ஏ.வோடு பிறவற்றை ஒப்பிட்ட 2018-ஆம் ஆண்டு ஆய்வு, அப்பெயருக்குள் பல இனங்கள் மறைந்திருந்ததைக் காட்டியது.

டி.என்.ஏ. இனங்களைப் பிரிக்கிறது; அவற்றை விவரிக்க உள்ளமைப்பு இன்றும் தேவை. லட்சத்தீவின் பழைய பெயர்களையும் இவ்விரண்டாலும் சோதித்தாக வேண்டும். கடல் வெப்பமுற்றுப் பவளம் வெளிறும் இக்காலத்தில், தனிப்பெயர் பெறாத இனம் அழிந்தால் அவ்விழப்பு எந்தப் பட்டியலிலும் ஏறாது.