கூடாது என்றால் ஐந்து காசு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தச் சாலையோரத்துத் தோப்பும் வயலும் கொஞ்சம் கொஞ்சமாக மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, வீடுகள் சேர்ந்து குடியிருப்போர் நலச் சங்கங்களாகிவிட்டன. அப்படி ஒரு சங்கத்தின் கூட்டத்தில் ஒருமுறை உட்கார்ந்திருந்தேன்.

“எதச் சொன்னாலும் கூடாதுன்னா எப்படி அண்ணாச்சி?” என்றார் செயலாளர்.

“கூடாதுன்னு யாரு சொன்னா? போர் போட்ட பில்லக் காட்டுங்கன்னுதான் கேக்கேன்.”

பில் வரவில்லை. அண்ணாச்சிக்குப் ‘பிரச்னை பண்ற ஆளு’ என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

இந்தச் சண்டைக்கு வயது ஆயிரத்து இருநூறு. ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலி போகும்போது மானூர் வரும். அவ்வூர்க் கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, சுமார் கி.பி. 800. ஊர்ச் சபையார் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட விதிகள். ஊரில் நிலப்பங்கு இருந்தால் மட்டும் போதாது, படிப்பும் நல்லொழுக்கமும் இருந்தால்தான் சபையில் இடம். கூட்டத்தில் எதை முன்வைத்தாலும் ‘கூடாது, கூடாது’ என்று மறித்துக்கொண்டே இருப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் ஐந்து காசு தண்டம். அவருக்குத் துணை நிற்பவருக்கும் அதேதான்.

நம் செயலாளர் இதைக் கேட்டால் கல்வெட்டைப் படி எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவார்.

ஒட்டட்டும். பக்கத்திலேயே உத்திரமேரூர்க் கல்வெட்டையும் ஒட்ட வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியது. குடவோலையில் பெயர் எழுத, சொந்த மனையில் சொந்த வீடு வேண்டும்; வயது 35க்கு மேல், 70க்குள். இதுவும் வீட்டுக்காரர் சங்கம்தான். ஆனால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக்கூடாது. அவர் உறவினர் பெயரையும் கூடாது.

இரண்டுமே பிராமண நிலவுடைமையாளரின் சபைகள். உழுதவர்களுக்கு அங்கே வாய் கிடையாது. இன்றும் பராமரிப்புப் பணம் கட்டுகிற வாடகைக்காரருக்குப் பல சங்கங்களில் ஓட்டு இல்லை.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 கேள்வி கேட்பவரைத் தண்டிக்கவில்லை. உறுப்பினரில் மூன்றிலொரு பங்கினர் மனு கொடுத்தால், 36ஆம் பிரிவின்படி பதிவாளர் விசாரிக்கலாம். ஆனால் தெருவுக்குள் மூன்றிலொரு பங்கைத் திரட்டுவது லேசா? நாளைக்கும் அதே முகங்களில்தானே விழிக்க வேண்டும்.

ஆகவே பில்லை முதலில் மேசைமேல் வையுங்கள். அதற்கப்புறமும் ‘கூடாது’ என்பவரிடம் ஐந்து காசு கேட்கலாம்.