உலோகத்தின் மேல் ஒரு தோல்

அப்பாவுக்கு சுகர் வந்து பதினோரு வருஷமாகிறது. தினமும் காலையில் காபிக்கு முன்னால் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்து, மெஷின் காட்டும் எண்ணை சமையலறைக் காலண்டரில் அந்தந்தத் தேதிக்குக் கீழே எழுதிவிடுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில், அந்த எண்கள் ஏற ஆரம்பித்தன. 180, 210, 240. அரிசியைக் குறைத்தார், நடையைக் கூட்டினார். எண் இறங்கவில்லை.

நான் பெங்களூரிலிருந்து போனில் கத்தினேன். "உண்மையச் சொல்லுங்கப்பா, அம்மாவுக்குத் தெரியாம ஸ்வீட் சாப்பிடறீங்களா?" "இல்லடா, சத்தியமா இல்ல" என்றார். நான் நம்பவில்லை. எண்ணை நம்பினேன்.

காலண்டரைப் பார்த்து மாத்திரையின் அளவு கூட்டப்பட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு விடியற்காலையில், அப்பா பாத்ரூம் வாசலில் உடம்பெல்லாம் வேர்த்துச் சரிந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 48. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

காரணம் சமையலறை ஜன்னலோரம் இருந்தது. ஸ்ட்ரிப் வரும் குப்பியின் மூடி ரொம்ப இறுக்கம், அப்பாவின் விரல்களுக்கு அது கஷ்டம். அதனால் எல்லா ஸ்ட்ரிப்பையும் எடுத்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைத்திருந்தார். மழைக்கால ஈரம், குக்கர் ஆவி எல்லாம் அதற்குள் போயிருக்கிறது. புதுக் குப்பி வாங்கி ஒரே விரலில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். புதியது 128 காட்டியது. டப்பாவில் இருந்தது 215.

"டப்பாவுல வெச்சா என்னடா ஆகும்? வெறும் பிளாஸ்டிக் துண்டுதானே அது?" என்று கேட்டார். பொறியியல் படித்தவன் என்று பேர், என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப்போனதுதான் இந்தக் கட்டுரை.

*

மின்முனை, அதாவது எலக்ட்ரோடு, கேட்பதற்குச் சாதாரணமான பொருள். ஒரு உலோகக் கம்பியையோ கரித்துண்டையோ திரவத்துக்குள் விடுகிறோம். திரவத்தில் இருக்கும் மூலக்கூறு அதனிடம் எலக்ட்ரானைக் கொடுக்கும், அல்லது வாங்கிக்கொள்ளும். அந்த ஓட்டத்தை அளந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லலாம். அதே ஓட்டத்தைச் சேமித்து வைத்தால் பேட்டரி. உணர்வியும் பேட்டரியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

சிக்கல் என்னவென்றால், வெறும் உலோகம் ரத்தத்தில் வேலை செய்யாது. அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க் 1950களில் இதில்தான் மாட்டினார். அறுவை சிகிச்சையின்போது ரத்தத்துக்கு வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றும் இயந்திரத்தில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று அளக்க பிளாட்டினம் மின்முனையை வைத்தால், புரதங்களும் அணுக்களும் அதன்மேல் படிந்து கொஞ்ச நேரத்தில் குருடாக்கிவிடும். அவர் மின்முனையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வால் மூடினார். ஆக்சிஜன் சவ்வைக் கடந்து உள்ளே வரும், புரதம் வராது. 1956-ல் அது கட்டுரையாக வெளிவந்தது.

1962-ல் அவரும் சாம்ப் லயன்ஸும் அடுத்த படிக்குப் போனார்கள். சவ்வோடு சேர்த்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியையும் அடைத்து வைத்தார்கள். அந்த நொதி குளுக்கோஸைத் தின்னும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கும். ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் சர்க்கரையின் அளவு தெரியும். இந்த வழியில் 1975-ல் ஒரு கருவி விற்பனைக்கு வந்தது. ஆனால் அது பரிசோதனைக்கூட மேஜையில் உட்காரும் இயந்திரம். தவிர, கணக்கு ஆக்சிஜனை நம்பியிருந்தது. ஆக்சிஜன் குறைந்த மாதிரியில் கணக்கு பிசகும்.

நொதியிடமே நேரடியாக எலக்ட்ரானை வாங்கிவிடலாமே என்று தோன்றும். முடியாது. குளுக்கோஸிலிருந்து எடுத்த எலக்ட்ரானை அந்த நொதி தன் உடம்பின் ஆழத்தில் பொத்தி வைத்திருக்கிறது. உலோகத்தின் கை அவ்வளவு தூரம் எட்டாது.

*

1970களின் நடுவில் வேதியியலாளர்களின் கவனம் மெதுவாக இடம் மாறியது. அதுவரை 'எந்த உலோகம் நல்லது?' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது 'உலோகத்தின் மேல் எதை ஒட்டலாம்?' என்று கேட்டார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் ராய்ஸ் மர்ரேயின் குழு 1975-ல், மின்முனையின் மேற்பரப்பில் தாங்கள் விரும்பிய மூலக்கூறுகளை வேதிப்பிணைப்பால் ஒட்டவைத்தது. 'வேதியியல் முறையில் மாற்றப்பட்ட மின்முனை' என்ற பெயர் அதன் பிறகு நிலைத்தது.

அடுத்த காட்சி ஆக்ஸ்ஃபோர்டில், சவுத் பார்க்ஸ் சாலையில் இருக்கும் கனிம வேதியியல் ஆய்வகத்தில். நம் செல்கள் மூச்சுவிடும்போது எலக்ட்ரானைச் சுமந்து செல்லும் சைட்டோக்ரோம் சி என்ற புரதத்தை 1977-ல் மார்க் எடோஸும் ஆலன் ஹில்லும் எடுத்துக்கொண்டார்கள். வெறும் தங்கத்தோடு அது பேசாது. தங்கத்தின் மேல் பைபிரிடில் என்ற சிறு மூலக்கூறைப் படியவிட்டதும் பேச ஆரம்பித்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பைபிரிடில் எலக்ட்ரானைத் தொடுவதே இல்லை. புரதம் சரியான பக்கமாகத் திரும்பி உட்கார ஓர் இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

குளுக்கோஸ் நொதிக்கு அது போதவில்லை. நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கும் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் ஃபெரோசீன். இரண்டு கரி வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு அணு. இரண்டு அப்பளத்துக்கு நடுவே ஒரு மிளகை வைத்தது போல இருக்கும். 1951-ல் தற்செயலாகக் கிடைத்த பொருள். அதன் இரும்பு அணு எலக்ட்ரானை வாங்கவும் கொடுக்கவும் கூச்சப்படாது. நொதிக்குள் புகுந்து எலக்ட்ரானை எடுத்துவந்து கிராஃபைட் மின்முனையில் போட்டுவிட்டு மறுபடி போகும். டோனி காஸ், கிரஹாம் டேவிஸ், ஹில் ஆகியோர் கிரான்ஃபீல்டு நிறுவனத்தின் ஹிக்கின்ஸ், டர்னர் முதலானவர்களோடு சேர்ந்து 1984-ல் இதை வெளியிட்டார்கள். இனி ஆக்சிஜனை நம்ப வேண்டியதில்லை.

1987-ல் இது பேனா அளவில் ஒரு மெஷினாகக் கடைக்கு வந்தது. முப்பது விநாடியில் விடை சொல்லும். பரிசோதனைக்கூடத்தில் இருந்தது சட்டைப் பைக்கு வந்துவிட்டது. இதற்கான ஸ்ட்ரிப்புகளை ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் அச்சடித்துத் தள்ள முடிந்தது பெரிய விஷயம். கல்யாணத் தாம்பூலப் பையில் மணமக்கள் பேரை அச்சடிக்கிறார்களே, அதே முறைதான். மை மட்டும் வேறு: கரி மை, அதற்கு மேல் நொதி, அதோடு நடுவாள்.

*

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயத்தில் நின்றுவிட்டேன். ஹில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்த வருஷங்களில் அதே ஆய்வகத்தின் தலைவர் ஜான் குட்இனஃப். 1976-ல் அமெரிக்காவிலிருந்து வந்தவர். அவரும் மிசுஷிமா, ஜோன்ஸ், வைஸ்மன் ஆகியோரும் 1980-ல் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை பேட்டரியின் நேர்மின்முனையாகப் பயன்படுத்தி 4 வோல்ட் எடுக்கலாம் என்று காட்டினார்கள். அதற்குக் காப்புரிமை எடுக்க பல்கலைக்கழகம் முன்வரவில்லை. குட்இனஃபுக்கு அதிலிருந்து உரிமைத்தொகை எதுவும் வரவில்லை. ஜப்பானின் அகிரா யோஷினோ 1985-ல் எதிர்ப்பக்கத்துக்குக் கரியைப் பொருத்தினார். 1991-ல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2019-ல், 97 வயதில்.

ஆக, அப்பாவின் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் செல்போனும் சுகர் மெஷினும் ஒரே கட்டடத்தில் வேர் உள்ளவை.

பேட்டரியிலும் கடைசியில் விஷயம் தோலில்தான் வந்து நின்றது. பேட்டரிக்குள் இருக்கும் திரவத்தால் சார்ஜ் ஏறிய கரியின் பக்கத்தில் சும்மா இருக்க முடியாது, சிதையும். ஆனால் சிதைந்தது கரியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து மேற்கொண்டு சிதைவைத் தடுக்கிறது. அந்தப் படலம் லித்தியம் அயனியை உள்ளே விடும், எலக்ட்ரானைத் திரவத்துக்கு விடாது. லித்தியம் உலோகத்தின் மேல் படியும் இப்படிப்பட்ட படலத்துக்கு இஸ்ரேலின் இமானுவேல் பெலெட் 1979-ல் பெயர் வைத்தார். கிராஃபைட்டில் இதைச் சரியாகப் படியவைப்பது லேசாக இல்லை. புரோப்பிலீன் கார்பனேட் திரவத்தில் வைத்தால் கிராஃபைட் வெங்காயம் மாதிரி ஏடு ஏடாக உரிந்துவிடும். 1990-ல் கனடாவில் ஜெஃப் டானும் அவருடன் வேலை செய்தவர்களும் எத்திலீன் கார்பனேட் இருந்தால் நல்ல தோல் படிகிறது என்று காட்டினார்கள். இரண்டு திரவத்துக்கும் ஒரே ஒரு மீத்தைல் தொகுதிதான் வித்தியாசம்.

இன்னொன்று. 1997-ல் டெக்சாஸில் குட்இனஃபும் ஏ.கே. பாடி, கே.எஸ். நஞ்சுண்டசுவாமி ஆகியோரும் இரும்பு பாஸ்பேட்டை மின்முனையாக முன்வைத்தார்கள். விலை மலிவு, சூட்டுக்கும் தாங்கும். ஆனால் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கனடாவின் மாண்ட்ரியாலில் இருந்தவர்கள் அதன் துகள்களுக்குக் கரிப் பூச்சு கொடுத்து அதைக் கரைசேர்த்தார்கள். சர்க்கரை போன்ற ஒரு பொருளோடு சேர்த்துச் சூடாக்கினால், சர்க்கரை கருகித் துகள் மேல் கரித்தோலாகப் படியும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அதுக்கும் சுகரா?" என்று சிரித்தார்.

*

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அது வெறும் பிளாஸ்டிக் துண்டு இல்லை. அதன் நுனியில் காய்ந்த நிலையில் ஒரு நொதியும் ஒரு நடுவாளும் காத்திருக்கின்றன. பல ஸ்ட்ரிப்புகளில் நடுவாள் ஃபெரிசயனைடு என்ற உப்பு. ஈரம் பட்டால் அதில் ஒரு பகுதி, ரத்தம் வருவதற்கு முன்பே எலக்ட்ரானை வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு ரத்தம் வைக்கும்போது அந்தப் பழைய எலக்ட்ரானையும் சேர்த்து மெஷின் சர்க்கரை என்று எண்ணிவிடும். நொதி கெட்டால் எண் இறங்கியும் காட்டலாம். இரண்டில் எது நடந்தாலும் திரையில் எண் ஒரே தெளிவோடுதான் வரும். தயக்கம் எதுவும் காட்டாது. குப்பியின் மூடி அவ்வளவு இறுக்கமாக இருப்பதற்கும், உள்ளே ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம்.

பேட்டரியின் கதையும் இதேதான். அந்தப் படலம் ஒவ்வொரு சார்ஜிலும் கொஞ்சம் தடிக்கும், தடிக்க லித்தியத்தைத் தின்னும். இரண்டு வருஷத்தில் போன் சாயங்காலத்துக்குள் அணைந்துபோவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். வேலையைச் செய்வதும் தோல்தான், முதலில் வயசாவதும் தோல்தான்.

என் தொழிலில் இது புதிதில்லை. ஒன்றோடொன்று பேசத் தெரியாத இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே ஒட்டு நிரல் எழுதுவதுதான் என் நாளில் பாதி. அது உடைந்தால்தான் அப்படி ஒன்று இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் தரவைச் சோதிக்காமல் நம்பாதே என்று புதிதாகச் சேரும் பசங்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். வீட்டில், அப்பா சத்தியம் செய்தும் அவரைச் சந்தேகித்தேன், ஒரு ஸ்ட்ரிப்பைச் சந்தேகிக்கவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "போடா, அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்" என்றார். மறக்கவில்லை என்று மறுநாள் தெரிந்தது. காலை நடைக்கு அவரோடு போயிருந்தேன். பூங்கா பெஞ்சில் அவர் நண்பர் தன் ஸ்ட்ரிப்புகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். அப்பா அதைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், குப்பியிலேயே வெச்சு இறுக்கி மூடுங்க. இல்லேன்னா அது பொய் சொல்லும், நம்ம வீட்டுல நம்மள நம்ப மாட்டாங்க."