ஓரவெளியும் நிலவும்: செண்டாக்கின் படநூல் – ஒரு மறுவாசிப்பு

மாரிஸ் செண்டாக் எழுதி வரைந்த ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ 1963இல் நியூயார்க்கில் வெளிவந்தது. மறு ஆண்டே படநூல் ஓவியத்துக்கான கால்டெகாட் பதக்கம் பெற்றது. சேட்டை செய்த மாக்ஸைத் தாய் இரவுணவு தராமல் அறைக்கு அனுப்புகிறாள். அறை காடாகிறது. அவன் கடல் கடந்து பூதங்களுக்கு அரசனாகி, பிறகு வீடு திரும்புகிறான். அறையில் இரவுணவு சூடாகக் காத்திருக்கிறது. மூல நூலில் இருப்பவை 338 சொற்களே. வளர்ந்தபின் இதை மீண்டும் எடுப்பவர்கள் பெரும்பாலும் ‘கோபக்காரச் சிறுவன் கண்ட கனவு’ என்று சொல்லி மூடிவிடுகிறார்கள். சொற்களை மட்டும் படிப்பதால் வரும் முடிவு அது. படங்கள் அதற்கு அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை.

முதல் பக்கங்களில் படம் சிறியது. சுற்றிலும் அகன்ற வெள்ளை ஓரவெளி. மாக்ஸின் மூர்க்கம் ஏற ஏறப் படம் விரிந்து ஓரவெளியைத் தின்கிறது. அறை முழுக்கக் காடானதும் பக்கம் நிறைகிறது. பிறகு எதிர்ப்பக்கத்துக்கும் பரவுகிறது. பூதங்களோடு கூத்தாடும் மூன்று இரட்டைப்பக்கங்களில் சொல்லே இல்லை. குழந்தை இந்த ஏற்றத்தைக் கண்ணால் உணர்ந்துவிடும். கதைவரியைத் தேடும் பெரியவர்களாகிய நாம்தாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். கனவு மட்டுமே என்றால், விழித்ததும் படம் பழைய அளவுக்குச் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவில்லை. அறைக்குத் திரும்பிய மாக்ஸின் படத்துக்கு ஓரவெளியே கிடையாது.

நிலவும் அப்படித்தான். முதலில் அவன் அறைச் சன்னலில் தெரிவது பிறை. திரும்பியபோது அதே சன்னலில் முழுநிலா. உணவு ஆறவில்லை என்கிறது சொல். நாள்கள் பல கழிந்தன என்கிறது படம். இரண்டில் ஒன்றைப் பொய்யாக்காமல் கனவு வாசிப்பு நிற்காது. செண்டாக் இரண்டையும் அருகருகே விட்டுவைத்திருக்கிறார். இதைக் கவனக்குறைவு என்று தள்ள முடியாது. பூதங்களின் நாட்டிலும் நிலவு பிறையிலிருந்து முழுமைக்கு வளர்கிறது.

இன்னொன்று: மாடிப்படிச் சுவரில், கதை தொடங்கும்போதே, மாக்ஸ் வரைந்து தன் பெயரை எழுதிய ஒரு பூதப்படம் தொங்குகிறது. அவன் தன் கையால் படைத்த உலகுக்கே போகிறான். கனவு காண்பவனைவிட ஓவியனுக்கே இவன் நெருக்கமானவன்.

உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1969இல் ஒரு மகளிர் இதழில் இந்நூலைக் கண்டித்தார். தனியே படுக்கைக்கு அனுப்புவதும் பட்டினி போடுவதும் குழந்தையின் கைவிடப்படும் அச்சத்தைத் தூண்டும் என்பது அவர் தரப்பு. நூலைப் படிக்காமலே, தாய்மார் சொல்லக் கேட்டு எழுதினார் என்பது வேடிக்கை. ஆனால் அவர் கேள்வி அற்பமானதன்று. தாய் எந்தப் படத்திலும் வருவதில்லை. பெற்றோராகிப் படிப்பவருக்கு அந்த இன்மை உறுத்தும். அதற்கு நூல் தரும் விடை மேசைமேல் இருக்கும் உணவு. அது சூடாக இருப்பதைச் சொல்லும் கடைசிப் பக்கத்தில் படமே இல்லை. நடுவில் படத்துக்கு வழிவிட்டு ஒதுங்கிய சொல், தாயின் செயலை அறிவிக்க மட்டும் தனியாகத் திரும்புகிறது.

ஆகவே படநூல்களை ஆய்வோருக்கு ஒரு வேண்டுகோள்: சொற்களை மட்டும் பெயர்த்தெடுத்து மேற்கோள் காட்டாதீர்கள், பக்கத்தின் அளவையும் வெற்றிடத்தையும் சேர்த்தே சான்றாக வையுங்கள்.