வெடிமருந்துச் சட்டமும் இரு அதிகாரங்களும்

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் "எந்த லைசென்ஸ்?" என்று கேட்டால், நாக்பூர், சென்னை, கலெக்டர் என மூன்றில் ஒன்றைச் சொல்வர். ஆலையின் அளவுக்கேற்ப உரிமம் வழங்குவோர் மாறுவர். மூவருமே நிர்வாகத் துறையினர். அப்படியாயின், சட்டம் இயற்றும் மன்றத்திற்கு இங்கு என்ன பங்கு?

இத்தொழிலை ஆளும் வெடிமருந்துச் சட்டம் 1884-இல் பிறந்தது. அன்று 1861-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, வைசிராயின் நிர்வாகக் குழுவே கூடுதல் உறுப்பினர் சிலரைச் சேர்த்துக்கொண்டு சட்டமன்றமாய் அமர்ந்தது. ஆளுவோரே சட்டமும் எழுதினர். ஆகவே சட்டத்தைச் சுருக்கி, விரிவான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை அரசிடமே விட்டதில் வியப்பில்லை. விடுதலைக்குப் பின் நாடாளுமன்றம் வந்தது. அந்த அமைப்போ மாறவில்லை. 1983-லும் 2008-லும் விதிகளைப் புதுப்பித்தது மத்திய அரசே. ஓர் அறையில் எத்தனை பேர் அமரலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், அறைக்கும் அறைக்கும் எத்தனை அடி இடைவெளி என்பதெல்லாம் விதிகளில்தான் உள்ளன.

ஹிஜ்ரி 450-இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்), 'அல் அஹ்காமுஸ் சுல்தானிய்யா'வில் அமைச்சரை இருவகையாகப் பிரித்தார். இட்ட கட்டளையை நிறைவேற்றுபவர் தன்ஃபீத் அமைச்சர். பொறுப்பு ஒப்படைக்கப்பட்டுத் தம் கருத்தின்படி முடிவெடுப்பவர் தஃப்வீள் அமைச்சர். பின்னவரின் செயல்களையும் கலீஃபா ஆராய்ந்து, பிழையைத் திருத்தவேண்டும் என்றார். அவர் பேசியது கிலாஃபத்தைப் பற்றி. எனினும் அப்பாகுபாடு இங்கும் பொருந்துகிறது. நாடாளுமன்றம் அரசுக்குச் செய்திருப்பதும் தஃப்வீளே.

அதில் குற்றமில்லை. புதுப்புது இரசாயனங்களைப் பற்றி மன்றத்தில் நாள்தோறும் வாதிட இயலாது. ஆனால் எல்லை உண்டு. சட்டத்தின் அடிப்படைக் கொள்கையை வகுக்கும் பொறுப்பை மன்றம் கைவிடலாகாது என்று, டெல்லிச் சட்டங்கள் பற்றிய வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அரசு செய்யும் விதிகளைச் சோதிக்க 1953-இல் மக்களவையில் தனிக்குழுவும் அமைந்தது.

எனினும் அக்குழு பார்ப்பது எழுத்தையே; ஆலையை அன்று. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவ்வாலையின் உரிமம் முன்பே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று பின்னர் தெரியவந்தது. விதி இருந்தது; ஆணையும் பிறந்தது; வேலை மட்டும் நிற்கவில்லை. ஒப்படைத்த மன்றம் ஒப்படைக்கப்பட்டவரிடம் கேட்க வேண்டிய கணக்கு இதுதான். சம்பளத்திற்காகச் சென்று திரும்பாதோரின் வீடுகளிலும் அதையே கேட்கிறார்கள்.