சோமாலியா: தொலைத்தொடர்புச் சந்தை

1991இல் சியாத் பர்ரே ஆட்சி வீழ்ந்ததும் சோமாலியாவில் அரசுத் தொலைபேசிச் சேவை சிதைந்தது. அந்த இடத்தைத் தனியார் நிறுவனங்கள் நிரப்பின. 2002இல் தொடங்கப்பட்ட ஹோர்முட் அவற்றுள் முதன்மையானது. உரிமக் கட்டணமும் அரசுப் போட்டியும் இல்லாததால் அழைப்புக் கட்டணம் மலிவானது. உள்நாட்டு நாணயமான ஷில்லிங் நம்பிக்கை இழந்திருந்ததால், டாலரில் இயங்கும் கைபேசிப் பணம் வேரூன்றியது. தலைநகர் மொகடிசுவின் தேநீர்க் கடையில் வாடிக்கையாளர் கைபேசியில் சில எண்களை அழுத்துகிறார், கடைக்காரருக்குக் குறுஞ்செய்தி வருகிறது, கணக்குத் தீர்ந்தது.

அரசே இல்லாவிட்டால்தான் சந்தை செழிக்கும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அந்த வாதம் பாதி உண்மையே. போட்டி நிறுவனங்கள் தம் வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்காததால், மக்கள் பல ஆண்டுகள் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் அட்டைகளைச் சுமந்தனர். 2017இல் ஒரு கப்பல் கடலடிக் கேபிளை அறுத்தபோது தெற்கு, மத்தியப் பகுதிகளில் மூன்று வாரங்களுக்கு மேல் இணையம் முடங்கியது. மாற்று வழி போதவில்லை. வலுவற்ற அரசின் ஒழுங்குமுறை ஊழலுக்கே வழிவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆயினும் இணைப்பு விதியையும் வாடிக்கையாளர் பணத்துக்கான பாதுகாப்பையும் போட்டி தானாகத் தந்துவிடவில்லை. 2017இல் தகவல்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. 2021இல் மத்திய வங்கி கைபேசிப் பணச் சேவைக்கு முதல் உரிமத்தை வழங்கியது.